கூடத்துக் கறுப்புப் போன்

இந்தக் காலத்து மனிதர்களிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் காதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காதில் எதையாவது அடைத்திருந்தால் நாம் பேசுவது வீண். அடைக்காவிட்டாலும் வீண்தான், அது வேறு விஷயம். தெருவில் எதிரே வருகிறவன் சிரிக்கிறான். நம்மைப் பார்த்துத்தான் என்று நாமும் பல்லைக் காட்டினால், அவன் காதுக்குள் இருக்கிற எவளுக்கோ சிரித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திட்டினால் கோபம் வருவதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறானா என்பதையே தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தம்பியை நான் அப்படித்தான் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு வாசல் முன் தெருவில் இருக்கிறது. பின்னால் சின்ன முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தம்பியின் வேலை அறை. அந்த அறையின் கண்ணாடிக் கதவு பின் தெருவில் திறக்கும். இன்டர்நெட்டில் பேசுகிற போன்களை விற்பதும், ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் கொண்டுபோய்ப் பொருத்துவதும் அவன் தொழில். அன்று சாயங்காலம் நல்ல மழை. போன கரண்ட் திரும்பி வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சாப்பிடக் கூப்பிடலாம் என்று முற்றத்தைத் தாண்டிப் போனேன்.

சக்கர நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் அந்தக் காது மாட்டி. கம்ப்யூட்டர் வழியாகப் பேசும்போது அதைத்தான் மாட்டிக்கொள்வான்.

"டேய், சோறு ஆறுது."

திரும்பவில்லை. இது புதிதா என்ன?

"செவிட்டுப் பயலே, உன்னத்தான்" என்று தோளைத் தொட்டேன். நாற்காலி தானாகச் சுழன்று என் பக்கம் வந்தது. காது மாட்டியின் ஒயர் அவன் கழுத்தில் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து எவனோ கடைக்குப் போன் போட்டான். மேசைமேல் திரை வைத்த போன், தாங்கியில் நிற்கிற ஒயர் இல்லாத போன், கம்ப்யூட்டர், அவன் சட்டைப் பையில் இருந்த செல்போன் எல்லாம் சேர்ந்து அடித்தன. எல்லாவற்றுக்கும் நம்பர் ஒன்றுதான். ராகம் மட்டும் வேறு வேறு. மேசைப் போனின் வெளிச்சம் அவன் முகத்தில் விட்டு விட்டு விழுந்தது. சட்டைப் பையில் செல்போன் நடுங்கியபோது அவன் நெஞ்சு அசைந்தது. உயிர் இருக்கிறது என்று ஒரு நொடி நம்பினேன். பிறகு அடிப்பது நின்றது. நெஞ்சும் நின்றது.

கத்தினேனா என்று நினைவில்லை. தம்பி மனைவி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய தம்பி வந்தான். கடையில் ஒயர் இழுக்கிற வேலை முழுக்க அவன் பொறுப்பு. எங்களோடுதான் இருக்கிறான். கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் விலகியிருந்ததை முதலில் காட்டியவன் அவன்தான். அடுக்கிலிருந்து ஒரு பெட்டி காணாமல் போனதையும் அவனே சொன்னான். கடைக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் வருகிற பேச்சுக்கெல்லாம் கணக்கு வைக்கிற பெட்டி அது. எந்தப் போனிலிருந்து எந்தப் போனுக்கு யார் பேசினார்கள் என்பதும் அதற்குள்தான் இருக்குமாம். அது இருந்த இடத்தில் தூசி இல்லாத சதுரம் ஒன்றும், சொருகல் கழற்றிய ஒயர்களும் மட்டும் கிடந்தன.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஒல்லி. ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். இவரா கண்டுபிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் யாரைத்தான் அப்படி நினைக்கவில்லை?

கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"கரண்ட் எப்ப போச்சு பெரியவரே?"

"விளக்குப் போடுற நேரம்."

"மணி?"

"ஆறரை இருக்கும். நான் கடிகாரத்தப் பாக்கல, இருட்டத்தான் பாத்தேன்."

"அப்ப யார் எங்க இருந்தீங்க?"

"நான் என் ரூம்ல. தம்பி பொண்டாட்டி அடுப்படியில. மெழுகுவத்தி தேடிட்டு இருந்தா."

"உங்க தம்பியோட மச்சான்?"

"கூடத்துல."

"பாத்தீங்களா?"

"அப்பவே பாக்கல. இருட்டுல உக்காந்து உக்காந்து அலுத்துப்போய், சுவத்தத் தடவிக்கிட்டு கூடத்துக்கு வந்தேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ராத்திரியில அலமாரிக்குப் பின்னால பச்சையா மினுக்குமே கொசு மிஷினு, அதுகூட இல்ல. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. 'யாரது?'ன்னேன். 'நான்தான் அண்ணே, அத்தான்கிட்ட பேசிட்டிருக்கேன்'னான். மின்னல் வெட்டுச்சு. இந்தப் போனக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறான்."

"என்ன பேசினாரு?"

"'இந்த மழையில அவ எதுக்கு வந்தா? சத்தம் போடாதீங்க அத்தான், பொறுமையா பேசுங்க' அப்படின்னான்."

"எதிர்ப்பக்கம் பேசினது கேட்டுச்சா?"

"அது எப்படிம்மா எனக்குக் கேக்கும்? அவன் காதுல இல்ல ஒட்டியிருக்கு!"

"அப்புறம்?"

"வச்சுட்டு எங்கூட உக்காந்தான். கரண்ட் வர்ற வரைக்கும் நகரல."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட் இல்லாதப்ப இந்தப் போன் மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சு?"

அப்படியொரு கேள்விக்காகத்தான் நான் வருஷக் கணக்கில் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கூடத்தில் இருப்பது கறுப்புப் போன். கையில் எடுத்தால் கனம் தெரியும். சுருள் ஒயர். விரலை விட்டுச் சுற்றுகிற வட்டம்.

"இது பழைய போனும்மா. இதுக்கு உயிர் லைன்லயே வருது. கரண்ட் போனா அவன் ரூம்ல இருக்கிற சாமானுக்கு எல்லாம் பேட்டரி வச்சுத் தாலாட்டணும். இதுக்கு ஒண்ணும் வேண்டாம். இத எடுக்கவே கூடாதுன்னு தம்பிகிட்ட மல்லுக்கட்டி வச்சிருக்கேன்."

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் மச்சான்காரன் சொன்னதைக் கேட்டேன். கூடத்தின் மூலையில் நின்று, குரல் உடைந்து சொன்னான்.

"என் வாயால சொல்லக் கூடாதும்மா. என் அக்கா மக. நான் தோள்ல தூக்கி வளத்த பொண்ணு. அத்தான் போன்ல சொன்னாரு, 'இவ தலையில பிளாஸ்டிக் பையக் கவுத்துக்கிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி கண்ணாடிக் கதவுகிட்ட வந்து நிக்கிறா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கிறா'ன்னு. நான்தான் சமாதானம் பண்ணிட்டுப் போன வச்சேன். வச்சிருக்கக் கூடாது."

என் தம்பி மகள் அப்போதுதான் முன்வாசல் வழியாக வந்தாள். அப்பனோடு கடையில் வேலை பார்க்கிறவள். நனைந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, சுருட்டிப் பிழிந்தது.

இன்ஸ்பெக்டர் அவளைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்குக் கேட்டது.

"கண்ணாடிக் கதவுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"தலையில?"

"இந்தப் பை. குடை இல்ல."

"உள்ள போனியா?"

"உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. தட்டினேன். 'அப்பா'ன்னு கூப்பிட்டேன். உள்ள இருட்டு. போனுங்களோட சின்னச் சின்ன லைட்டு மட்டும் தெரிஞ்சுது." கையிலிருந்த பை சலசலத்தது. "அதுல ஒண்ணு அணைஞ்சு, மறுபடி எரிஞ்சுது."

"பேட்டரி போச்சா?"

"பேட்டரி போனா எல்லாம் போகும். ஒண்ணு மட்டும் போகாது. எனக்கு என்னமோ பயமா இருந்துச்சு. பஸ் நிக்கிற இடத்துல போய் ஒதுங்கிட்டேன். மழை விட்டதும்தான் இந்தப் பக்கமா வந்தேன்."

"அங்க உன்ன யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் செல்லப் பாத்துட்டிருந்தாங்க."

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

அவளுக்கும் அப்பனுக்கும் சில வாரங்களாகவே சரியில்லை. அதை நானும் மறைக்கவில்லை. தம்பி ஆளே மாறிப்போயிருந்தான். வீட்டில் வாயே திறப்பதில்லை. கூட்டத்தில் பேசுவதற்கென்று மேசை நடுவில் ஆமை மாதிரி உட்கார்ந்திருக்குமே ஒரு போன், அதன்மேல் மடித்த துணியைப் போட்டு வைத்திருந்தான். ஒருநாள் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனான். குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்குள் குனிந்து, "அண்ணே, நம்ம போன்ல பேசுறத யாரோ கேக்குறாங்க" என்றான்.

"நான் எப்பவோ சொன்னேனே" என்றேன். அதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஒரு டாக்டர் வந்து கத்திவிட்டுப் போனார். அவர் நோயாளியிடம் போனில் அந்தரங்கமாகப் பேசியதை எவனோ வார்த்தை மாறாமல் அவருக்கே திருப்பிச் சொல்லி மிரட்டினானாம்.  அன்று சாயங்காலம் மகள் அப்பனிடம் கத்தியதை வீடே கேட்டது. "நீங்க ஒண்ணும் பண்ணலன்னா நான் பாத்துக்கிறேன்!"

மச்சான்காரன் அதற்கு ஓர் அர்த்தம் சொன்னான். ஒட்டுக் கேட்டதே இவள்தான், அப்பன் கண்டுபிடித்துவிட்டான், பெட்டியைத் தரமாட்டேன் என்றான், இவள் முடித்துவிட்டாள். தாழ்ப்பாள் விலகியிருந்தது. பெட்டி இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் அப்பன் உயிரோடு போனில் பேசி, மகள் வந்திருப்பதாகச் சொன்னான். அதற்குச் சாட்சி யார்? நான்.

அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியப்பா, கதவப் பூட்டிட்டுப் படுங்க" என்றாள். அதை என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று தெரியாமலே, படுக்கும்போது என் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

தம்பி மனைவி சுவரில் சாய்ந்து இரண்டையே மாற்றி மாற்றிச் சொன்னாள். "என் வயித்துல பொறந்தது அப்படிச் செய்யாது." கொஞ்ச நேரம் கழித்து, "என் கூடப் பொறந்தவன் பொய் சொல்ல மாட்டான்." இரண்டும் சேர்ந்து நிற்காது என்று அவளிடம் யார் சொல்வது?

அந்த ராத்திரி அந்த வீடு வீடாக இல்லை. தம்பியின் அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். ஆனால் பேட்டரியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. செய்தி தெரியாத வாடிக்கைக்காரர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பூட்டிய அறைக்குள் எல்லாம் சேர்ந்து அடிக்கும். எடுக்க ஆள் இல்லாமல் ஓயும். ஒவ்வொரு தடவையும் மச்சான்காரன் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவன் பார்த்ததும், "டீ போடவா அண்ணே?" என்பான்.

எனக்கு அந்த டீயைக் குடிக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். மச்சான்காரன் வெளியே போயிருந்தான். அவர் கறுப்புப் போன் பக்கத்தில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாக் கேக்குது" என்றார்.

"கேக்காம? தம்பி தினமும் மத்தியானம் எதிர் ரூம்ல இருந்து இதுக்குப் போன் போடுவான். 'அண்ணே, குரல் தெளிவா இருக்கா?'ம்பான். 'இதுல கேக்காம உன் டப்பாவுலயா கேக்கும்?'னு கேப்பேன். சிரிப்பான்."

"தினமுமா? எதிர் ரூம்ல இருந்தா?"

"ரெண்டு எட்டு நடந்து வந்து கேட்டா கால் தேஞ்சிரும் பாருங்க."

"அன்னிக்குக் கரண்ட் வந்ததும் நீங்க என்ன பண்ணீங்க?"

"சாப்பிட வரச் சொல்லித் தம்பிக்குப் போட்டேன். ரிசீவர் நசநசன்னு ஈரம். துண்டால துடைச்சேன்."

"ஏன் ஈரம்?"

"அவனுக்குக் கை வேர்க்கும்போல."

"பேசுனீங்களா?"

"முதல்ல சத்தமே வரல. எனக்குத்தான் காது போச்சுன்னு வச்சுட்டேன். முகத்தக் கழுவிட்டு வந்து மறுபடி எடுத்தேன், ஙொய்ன்னு வந்துச்சு. சுத்தினேன். மணி போச்சு, அவன் எடுக்கல. அதான் நேர்ல போனேன்."

அவர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தார். "அலமாரிக்குப் பின்னால பச்சையா மினுக்குதே, அது என்ன?"

"கொசு மிஷினு."

"யார் சொன்னது?"

"தம்பி."

"கொசு போச்சா?"

"எங்க போச்சு? ஆளத் தூக்கிட்டுப் போகுது."

இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை. போன் ஒயரை விரலால் பிடித்து, மேசைக்குக் கீழே, சுவர் ஓரமாக, அலமாரி வரை கொண்டுபோனார். குனிந்து பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தம்பி மகளையும் கூட்டி வந்தார். அவள் முகம் ஒரே நாளில் பாதியாகியிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான்காரன் அலமாரியில் சாய்ந்து நின்றான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"மெயின ஆஃப் பண்ணுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. 

"ஐயா, உங்க போன எடுத்துக் கடைக்குப் போடுங்க."

எடுத்தேன். கறுப்பு ரிசீவரைக் காதில் வைத்தேன். வறண்ட கிணற்றில் காதை வைத்த மாதிரி இருந்தது. ஙொய் இல்லை. இரைச்சல் இல்லை. என் மூச்சுகூட அதற்குள் போகவில்லை. கொக்கியைத் தட்டினேன். வட்டத்தைச் சுற்றினேன். முதல் நாள் தம்பி தோளைத் தொட்டபோது கைக்குத் தெரிந்ததே, அது இப்போது காதுக்குத் தெரிந்தது.

"செத்துக் கிடக்கும்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"லைன் கோளாறா இருக்கும்" என்றான் மச்சான்காரன். "மழை பேஞ்சா அப்படித்தான்."

"மெயின் போடுங்க."

மின்விசிறி சுற்றியது. அலமாரிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. துடித்தது. இன்ஸ்பெக்டர் அசையாமல் அதையே பார்த்தார். துடித்துத் துடித்து, ஒருவழியாகப் பச்சை ஆனது.

"இப்ப எடுங்க ஐயா."

ஙொய்.

"நீயே சொல்லும்மா" என்றார் அவளிடம்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "பெரியப்பா, அது கொசு மிஷின் இல்ல. அடாப்டர். பழைய போன இன்டர்நெட்ல சேக்குற பெட்டி. நம்ம வீட்டுப் பழைய லைன எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்னா நீங்க சண்டை போடுவீங்கன்னு, அப்பா அதே போன இதுல மாட்டி, அதே நம்பரையும் வாங்கி வச்சுட்டாரு. நீங்க பேசுறதெல்லாம் இன்டர்நெட்லதான்."

"உங்க மாமாவுக்குத் தெரியாதா? ஒயர் வேலையெல்லாம் அவர்தானே?"

"மாமா வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்ப அப்பாவே மாட்டினாரு. மாமாவுக்குத் தெரிஞ்சா பெரியப்பாவக் கிண்டல் பண்ணியே கொன்னுருவாருன்னு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. மாமா இந்தப் போனத்தான் சொன்னாருன்னு எனக்கு இன்னிக்கு மத்தியானம் இவங்க கேட்டப்பதான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் மச்சான்காரன் பக்கம் திரும்பினார்.

"தொழில் தெரிஞ்ச ஆளு நீங்க. கரண்ட் இல்லாதப்ப கூடத்துல எந்த இன்டர்நெட் போனும் பேசாதுன்னு தெரியும். செல்லுல பேசினேன்னு சொன்னா கம்பெனிக்காரன் இல்லைன்னு காட்டிக் குடுத்துருவான்னும் தெரியும். கரண்ட் போனாலும் பேசும்னு இந்தப் பெரியவர் ஊருக்கே சொல்லிட்டிருக்கிற ஒரே போன் இது. இதக் கையில பிடிச்சுக்கிட்டு, அவர் வர்ற சத்தம் கேட்டதும் பேச ஆரம்பிச்சீங்க. ஆனா பேச்சு எங்கயும் போகல. இந்தப் பெட்டி அணைஞ்சு கெடந்துச்சு. பெரியவர் மினுக்கல் இல்லைன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. கரண்ட் வந்தும் இது கண் முழிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. அதான் அவருக்கு முதல்ல சத்தம் வரல."

"சரி... நான் பேசுனதா நெனச்சேன்... பதட்டத்துல..."

"இருக்கட்டும். அத்தான் பேசல. அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பொண்ணு தலையில பிளாஸ்டிக் பையக் கவுத்திருந்தத உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

"கூடத்து ஜன்னல் முன் தெருவப் பாக்குது. அவ நின்னது பின் தெருவுல. வீட்டுக்குள்ள வந்தப்ப பை கையில இருந்துச்சு. அவளத் தலையில பையோட பாக்கணும்னா, அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்னிருக்கணும். அத்தான் பொணத்துக்குப் பக்கத்துல, மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கொஞ்சம் நகந்தீங்க. ஒரு போன் லைட்டு மறைஞ்சு மறுபடி தெரிஞ்சுது. அவ 'அப்பா'ன்னு கூப்பிட்டத நீங்கதான் கேட்டீங்க. அவ போனதும் தாழ்ப்பாள விலக்கிட்டு, மழையில முற்றத்தத் தாண்டி, ஈரக் கையோட இந்தப் போன எடுத்தீங்க."

என் கையைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஈரத்தைத் துண்டால் துடைத்த கை.

தம்பி மனைவி எழுந்தாள். தன் தம்பியின் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "என் பொண்ணு தட்டினாளாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, ஒட்டுக் கேட்டதுக்கு அவர் என்னப் போலீஸ்ல குடுக்கப் போறேன்னாரு" என்றான் அவன். "ஒரே ஒரு தடவ விட்டுருங்கன்னு கேட்டேன். காதுல மாட்டிக்கிட்டுத் திரும்பி உக்காந்துட்டாரு. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல."

பெட்டி அவன் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டது. டாக்டர் பேசியது, இன்னும் யார் யாரோ பேசியது எல்லாம் அவன் பதிந்து வைத்தபடி அதற்குள் இருந்ததாம்.

கொஞ்ச நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். ஜலதோஷம் விட்டிருந்தது. தம்பி மகள் அலமாரிக்குப் பின்னால் குனிந்து எதையோ சொருகிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியில உங்க கூடத்துப் போன் பேச்சும் பதிஞ்சிருக்கு ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர். "தினமும் உங்க தம்பி 'குரல் தெளிவா இருக்கா'ன்னு கேக்குறாரு. அடாப்டர் சரியா ஓடுதான்னு பாக்கத்தான் போட்டிருக்காரு. நீங்க திட்டுறீங்க. அவரு சிரிக்கிறாரு. வேணும்னா ஸ்டேஷன்ல வந்து கேளுங்க."

"நான் வர்றேன்" என்றாள் அவள், சட்டென்று எழுந்து. "பெரியப்பா, வாங்க. ஒரே ஒரு தடவ."

இரண்டு வருஷம். தினமும் மத்தியானம். அவன் டப்பாவில் பேசிக்கொண்டே அவன் டப்பாவை நான் திட்டியிருக்கிறேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. செத்த பிறகும் அந்தப் பயல் மேல் எனக்குக் கோபம் வந்தது. 

"ஒட்டுக் கேட்டவன் டப்பாவுல இருந்து வர்றது என் தம்பி குரலுன்னு நான் எப்படி நம்புறது?" என்றேன்.

அவள் வாதாடவில்லை. அலமாரிக்குப் பின்னால் வைத்ததைக் காட்டினாள். "பேட்டரி மாட்டிட்டேன் பெரியப்பா. இனிமே கரண்ட் போனாலும் உங்க போன் பேசும்."

"பேட்டரி தீந்தா?"

இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். 

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் கறுப்புப் போன் அடித்தது. மத்தியானம், அவன் கூப்பிடுகிற நேரம். அவள்தான் சோதித்துப் பார்க்கிறாள் என்று தெரியும். கால் ஒரு நொடி நின்றது. பிறகு ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். எதிரே ஒருத்தன் காதில் அடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். நான் சிரிக்கவில்லை.